மேலவைத் தீர்மானம்: முன்னறிவிப்பிலிருந்து செயல் வரை

மகாராஷ்டிர மாநிலத்தில் அரசு அலுவலகங்களோடு தொடர்புடைய எவரும் அன்றாடம் கேட்கும் சொல் 'ஜி.ஆர்.' என்பதாகும். தாராவியில் குடிசைப்பகுதி மறுசீரமைப்பு குறித்து வினவுவோரும், மாட்டுங்காவில் பள்ளி நிர்வாகத்தைக் கவனிப்போரும், செம்பூரில் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தின் செயலாளராக இருப்போரும் "அதற்கு ஜி.ஆர். வந்துவிட்டதா?" என்றே முதலில் கேட்பர். இவ்விரண்டெழுத்துச் சுருக்கத்தின் விரிவு 'அரசுத் தீர்மானம்' என்பது. மராத்தியில் 'சாஸன் நிர்ணய்' என்பர். தமிழ்நாட்டில் 'அரசாணை' எனப்படுவது எதுவோ, அதுவே இது. பம்பாய் மாகாண அரசு தன் முடிவுகளைத் தீர்மானங்கள் என்ற பெயரில் பதிவு செய்து வெளியிட்டு வந்த பழைய வழக்கம் இன்றளவும் நீடிக்கிறது. 2004-ஆம் ஆண்டில் தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்கு மாநில அரசு ஒப்புதல் அளித்ததும் இத்தகைய ஒரு ஜி.ஆர். வழியேதான்.

பெயர் ஒன்றாக இருப்பினும், சட்டமன்றத்தின் ஓர் அவை நிறைவேற்றும் தீர்மானம் இதனின்று முற்றிலும் வேறானது. ஜி.ஆர். என்பது நிர்வாகத்தின் கட்டளை; அது தனக்குக் கீழுள்ள அலுவலரை உடனே கட்டுப்படுத்தும். அவையின் தீர்மானமோ பெரும்பாலும் ஒரு கருத்து அல்லது பரிந்துரை. அதை ஏற்பதும், ஏற்றுத் துறைக்கு ஆணையிடுவதும் அரசின் பொறுப்பாகவே நின்றுவிடுகின்றன. இந்த இடைவெளியை உணராதவர்கள், செய்தித்தாளில் 'தீர்மானம் நிறைவேறியது' என்ற தலைப்பைக் கண்டவுடன் காரியமும் நிறைவேறிவிட்டதாக எண்ணுகின்றனர். அவ்வாறு எண்ணுவது எத்துணைப் பிழையாக முடியும் என்பதைப் பம்பாய்ச் சட்ட அவையின் வரலாறே காட்டுகிறது. அதற்குமுன், மேலவையின் அமைப்பையும் நடைமுறையையும் அறிந்துகொள்வது நலம்.

மேலவையில் அமர்வோர்

இந்தியாவில் இன்று ஆறு மாநிலங்களில் மட்டுமே சட்ட மேலவை உண்டு: ஆந்திரப் பிரதேசம், உத்தரப் பிரதேசம், கர்நாடகம், தெலங்கானா, பீகார், மகாராஷ்டிரம். மகாராஷ்டிர மேலவையில் 78 இடங்கள் உள்ளன. அரசியல் சட்டத்தின் 171-ஆவது பிரிவு வகுத்துள்ளபடி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரைச் சட்டப் பேரவை உறுப்பினர்களும், மூன்றில் ஒரு பங்கினரைத் தல சுயாட்சி நிறுவனங்களும், பன்னிரண்டில் ஒரு பங்கினரைப் பட்டதாரிகளும், மேலும் பன்னிரண்டில் ஒரு பங்கினரை ஆசிரியர்களும் தேர்ந்தெடுக்கின்றனர். எஞ்சியோர் ஆளுநரால் நியமிக்கப்படுவோர். மாட்டுங்காவிலோ செம்பூரிலோ குடியிருந்து, பட்டம் பெற்று மூன்றாண்டுகள் நிறைந்த ஒருவர், பேரவைத் தேர்தலில் பெறும் வாக்குரிமைக்குப் புறம்பாக மும்பைப் பட்டதாரிகள் தொகுதியிலும் தம் பெயரைப் பதிந்துகொள்ளலாம். இந்த இரண்டாவது வாக்கு ஒன்று தமக்கு இருப்பதையே அறியாதோர் பலர்.

மேலவை கலைக்கப்படுவதில்லை. உறுப்பினரின் பதவிக்காலம் ஆறாண்டு. இரண்டாண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுகின்றனர். அதன் தலைவரை மராத்தியில் 'சபாபதி' என்றும், பேரவைத் தலைவரை 'அத்யக்ஷ' என்றும் வழங்குவர். ஈரவைகளும் 1981 முதல் நரிமன் முனையிலுள்ள விதான் பவனில் கூடுகின்றன. குளிர்காலக் கூட்டத்தொடர் மரபுப்படி நாகபுரியில் நடைபெறும்.

தீர்மானம் நடக்கும் வழி

அமைச்சரல்லாத உறுப்பினர் ஒருவர் தீர்மானம் கொண்டுவர விரும்பினால், முதலில் எழுத்து மூலம் முன்னறிவிப்புத் தர வேண்டும். அதனைத் தலைவர் ஆராய்கிறார். தீர்மானம் திட்டமான ஒரே பொருளைப் பற்றியதாக இருத்தல் வேண்டும். வாதங்களோ, ஊகங்களோ, ஏளனச் சொற்களோ, தனிமனிதர்மீது பழியோ அதில் இடம்பெறலாகாது. வழக்குமன்றத்தின் முன் நிலுவையிலுள்ள விஷயத்தைத் தொடலாகாது. உயர்நீதிமன்ற, உச்சநீதிமன்ற நீதிபதிகள் தம் கடமையைச் செய்யும் முறையைப் பற்றிச் சட்டமன்றம் விவாதிக்கலாகாது என 211-ஆவது பிரிவே தடுத்துள்ளது. மாநில அரசின் பொறுப்புக்கு உட்பட்டதா என்பதும் பார்க்கப்படும். எனினும் மத்திய அரசைக் கேட்டுக்கொள்ளும்படி மாநில அரசுக்குப் பரிந்துரைக்கும் முறையில் சொற்களை அமைத்து இத்தடையைக் கடப்பது பழகிப்போன வழி.

ஏற்கப்பட்ட முன்னறிவிப்புகள் பலவாக இருப்பின் குலுக்கல் முறையில் வரிசை வகுக்கப்படுகிறது. அரசு சாராத அலுவல்களுக்கென வெள்ளிக்கிழமைகளில் ஒதுக்கப்படும் சில மணி நேரமே இவற்றுக்குரியது. ஆகவே, தக்க காரணமும் நல்ல வாசகமும் இருந்தும், குலுக்கலில் பின்தங்கியதாலேயே அவைக்கு வராமற்போகும் தீர்மானங்கள் மிகுதி. கூட்டத்தொடர் முடித்துவைக்கப்படும்போது நிலுவையிலுள்ள மசோதா உயிரோடு இருக்கும். 196-ஆவது பிரிவு அதற்குக் காப்பளிக்கிறது. தீர்மானத்துக்கான முன்னறிவிப்புக்கு அத்தகைய காப்பில்லை. பொதுவாக, அடுத்த தொடரில் புதிதாகத் தர வேண்டியதுதான்.

வரிசை கிட்டியபின் உறுப்பினர் தீர்மானத்தை முன்மொழிந்து பேசுகிறார். பிறர் திருத்தங்கள் கொண்டுவரலாம். முடிவில் அமைச்சர் பதிலுரைக்கிறார். பெரும்பாலான தனியார் தீர்மானங்களின் பயணம் இவ்விடத்தோடு முடிவது வழக்கம். அமைச்சர் ஓர் உறுதிமொழி தருவார். முன்மொழிந்தவர் அவையின் இசைவுடன் தீர்மானத்தைத் திரும்பப் பெறுவார். இதனைத் தோல்வி எனக் கருத வேண்டியதில்லை. அமைச்சர் அவையில் தந்த உறுதிமொழியைத் தொடர்ந்து கவனிக்க உறுதிமொழிக் குழு உண்டு. துறை அலுவலர் அக்குழுவுக்கு விடை கூறக் கடமைப்பட்டவர். குரல் வாக்கெடுப்பில் தோற்று மறக்கப்படும் தீர்மானத்தைவிட, உறுதிமொழி பெற்றுத் திரும்பப் பெறப்பட்ட தீர்மானம் சில வேளைகளில் அதிகம் சாதிப்பதுண்டு.

வாக்கெடுப்புக்கு விடப்பட்டால், வந்திருந்து வாக்களிப்போரின் பெரும்பான்மை போதும். வாக்குகள் சமமாகப் பிரிந்தால் மட்டுமே தலைவர் தம் வாக்கை அளிப்பார். அவை நடைபெறக் குறைந்தது பத்துப் பேர், அல்லது மொத்த உறுப்பினரில் பத்தில் ஒரு பங்கினர், இவற்றில் எது அதிகமோ அத்தனை பேர் இருத்தல் வேண்டும். 78 பேர் கொண்ட அவைக்கு இவ்விதிப்படி பத்துப் பேரே போதுமென்பது, 'அவையின் கருத்து' என்ற சொல்லை எடைபோடும்போது நினைவில் இருத்தத்தக்க செய்தி. நிறைவேறிய தீர்மானத்தின் படி, உரிய அமைச்சருக்கு அனுப்பப்படுகிறது. மசோதாவைப் போல இது மற்ற அவைக்குச் செல்வதில்லை. ஆளுநரின் ஒப்புதலும் வேண்டுவதில்லை. ஓர் அவையின் கருத்து அந்த அவையோடு முழுமை பெற்றுவிடுகிறது. அதன் எளிமையும் வலுவின்மையும் இதில்தான் உள்ளன.

போலே தீர்மானம்

1919-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கிய பம்பாய் மாகாணச் சட்ட அவை ஒற்றை அவையாக இருந்தது. மேலவை, பேரவை என்ற பிரிவு 1937-இல்தான் வந்தது. அக்காலத்தில் அவையின் தீர்மானம் அரசுக்குச் செய்யும் பரிந்துரை என்றே விதிகள் கூறின. 1923 ஆகஸ்டு 4 அன்று சீதாராம் கேசவ் போலே அவ்வவையில் ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்தார். போலே, பம்பாய் ஆலைத் தொழிலாளர் நலனுக்காக உழைத்தவர், சமூகச் சீர்திருத்தவாதி. பொதுப்பணத்தில் கட்டப்பட்டுப் பராமரிக்கப்படும் நீர்நிலைகள், கிணறுகள், தரும சத்திரங்கள் ஆகியவற்றையும், பொதுப் பள்ளிகள், நீதிமன்றங்கள், அலுவலகங்கள், மருந்தகங்கள் ஆகியவற்றையும் தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட மக்கள் பயன்படுத்த அனுமதிக்க வேண்டும் என்பது அதன் சாரம். அவை அதனை ஏற்றது.

அடுத்த மாதம், செப்டம்பர் 11 அன்று, அரசு அதன்மீது ஆணை பிறப்பித்தது. இவ்வாணையின் இரு பகுதிகளையும் ஒப்பிட்டு நோக்குவது நிர்வாகம் பயிலும் மாணவருக்குச் சிறந்த பாடமாகும். அரசுக்குச் சொந்தமான, அரசே பராமரிக்கும் இடங்களைப் பொறுத்தவரை, தீர்மானத்தை நடைமுறைப்படுத்துமாறு அலுவலகத் தலைவர்களுக்குக் கட்டளையிடப்பட்டது. நகராட்சிகள் முதலிய தல நிறுவனங்களைப் பொறுத்தவரையிலோ, பரிந்துரையை ஏற்பதன் விரும்பத்தக்க தன்மையைப் பற்றி ஆலோசிக்குமாறு அவற்றுக்கு எடுத்துரைக்கும்படி கலெக்டர்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். முதற்பகுதி கட்டளை, இரண்டாம் பகுதி, அறிவுரை கூறச் சொல்லும் அறிவுரை. ஊர்க் குளங்களும் கிணறுகளும் எவ்வளவு தூரம் தல நிறுவனங்களின் கையில் இருந்தனவோ, அவ்வளவு தூரம் மக்களின் தாகத்தோடு தொடர்புடைய பகுதியே வலுவற்ற சொற்களில் அமைந்துவிட்டது.

கொலாபா மாவட்டத்தில் (இன்றைய ராய்கட்) உள்ள மகாட் நகராட்சி இவ்வறிவுரையை ஏற்றது. நகராட்சிக்குச் சொந்தமான சவ்தார் குளத்தை ஒடுக்கப்பட்ட மக்கள் பயன்படுத்துவதில் தனக்கு ஆட்சேபணை இல்லையென 1924 ஜனவரி 5 அன்று அதுவும் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. ஆக, மாகாண அவையின் தீர்மானம் ஒன்று, அரசின் ஆணை ஒன்று, நகராட்சியின் தீர்மானம் ஒன்று. இத்தனைக்கும் பிறகு அக்குளத்தின் படிகளில் அம்மக்கள் இறங்க முடியவில்லை. உயர்சாதியினரின் எதிர்ப்பு அப்படியே இருந்தது. அதனை எதிர்கொண்டு உரிமையை நிலைநாட்டுவது தன் கடமையென எந்த அலுவலகமும் கருதவில்லை. 1926-இல் போலே மீண்டும் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். முந்தைய தீர்மானத்தை நிறைவேற்ற மறுக்கும் நகராட்சிகளுக்கும் தல போர்டுகளுக்கும் அரசின் மானியத்தை நிறுத்த வேண்டும் என்றது அது. பரிந்துரைக்குப் பின்னால் பணத்தின் வலுவைச் சேர்க்க முனைந்த இந்த யோசனை, நிர்வாக நுட்பம் அறிந்தவருடையது.

1927 மார்ச் 19, 20 தேதிகளில் மகாடில் ஒடுக்கப்பட்டோர் மாநாடு கூடியது. அவ்வாண்டில்தான் பம்பாய்ச் சட்ட அவையில் நியமன உறுப்பினராகப் பொறுப்பேற்றிருந்த டாக்டர் அம்பேத்கர் அதற்குத் தலைமை வகித்தார். இரண்டாம் நாள் மாநாட்டினர் ஊர்வலமாகச் சென்று குளத்து நீரைப் பருகினர். நான்காண்டுகளுக்கு முன் அவை வழங்கிய அனுமதியைத்தான் அவர்கள் பயன்படுத்தினர், அதற்காகவே தாக்கப்பட்டனர். குளம் தீட்டுப்பட்டதாகச் சொல்லிப் பின்னர்ச் சடங்கு செய்து 'தூய்மை'யும் படுத்தினர். 1927 ஆகஸ்டு 4 அன்று, போலே தீர்மானம் நிறைவேறிச் சரியாக நான்காண்டு நிறைந்த அதே நாளில், மகாட் நகராட்சி தன் 1924-ஆம் ஆண்டுத் தீர்மானத்தை ரத்து செய்தது. தீர்மானத்தால் வந்த உரிமை தீர்மானத்தாலேயே போயிற்று.

டிசம்பரில் இரண்டாம் முறை கூடியபோது, குளம் தனியாருக்குரியது என வழக்குத் தொடுத்தோர் இடைக்காலத் தடையாணை பெற்றிருந்தனர். எனவே குளத்திற்குச் செல்வது தள்ளிவைக்கப்பட்டது. வழக்கு பல படிகளைக் கடந்து, 1937 மார்ச் 17 அன்று பம்பாய் உயர்நீதிமன்றத்தில் ஒடுக்கப்பட்டோருக்குச் சாதகமாக முடிந்தது. நீதிமன்றம் தன் முடிவுக்குப் போலே தீர்மானத்தை ஆதாரமாகக் கொள்ளவில்லை என்பது கவனிக்கத்தக்கது. தொன்றுதொட்ட வழக்கத்தால் அக்குளத்திலிருந்து சிலரை விலக்கும் உரிமை தமக்கு உண்டென்று கூறியவர்கள் அதனை நிரூபிக்கவில்லை. வழக்கு அதில் தீர்ந்தது.

அப்படியானால் 1923-ஆம் ஆண்டுத் தீர்மானம் வீணா? அவ்வாறு கூறுவதற்கில்லை. சட்டப்படி தங்களுக்கு வழங்கப்பட்ட ஒன்றையே கேட்கிறோம் என்று மகாடில் திரண்டவர்கள் நிமிர்ந்து சொல்ல அது இடமளித்தது. மேலும், 'பொதுப்பணத்தில் பராமரிக்கப்படும்' என்ற அதன் அளவுகோலையொத்த அளவுகோல் கால் நூற்றாண்டுக்குப்பின் அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவில் இடம்பெற்றது. அரசு நிதியால் முழுமையாகவோ பகுதியாகவோ பராமரிக்கப்படும் கிணறுகள், குளங்கள், படித்துறைகள், சாலைகள் ஆகியவற்றை எவருக்கும் மறுக்கலாகாது என அப்பிரிவு கூறுகிறது. இங்கே பேசுவது பரிந்துரையன்று, அடிப்படை உரிமை. 17-ஆவது பிரிவு தீண்டாமையையே ஒழித்தது; அதனை மீறுவோரைத் தண்டிக்க 1955-இல் தனிச்சட்டமும் வந்தது.

சென்னை மாகாணத்திலும் ஏறத்தாழ அதே காலத்தில் இதே போக்கு காணப்பட்டது. பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம் ஆகியவற்றை எச்சமூகத்தவரும் பயன்படுத்தத் தடையில்லை என்ற தீர்மானத்தைச் சென்னைச் சட்ட அவை 1924-இல் ஏற்றது. 1927-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி கொண்டுவந்த தீர்மானமோ வேறு வழியில் சென்றது. கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தைத் தடுக்கச் சட்டம் வேண்டுமென அது கோரியது. 1929-இல் அறநிலையச் சட்டம் திருத்தப்பட்டு, 1947-இல் தடைச்சட்டமும் வந்தது. தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் அதோடு நில்லாமல் மசோதாவையும் கையிலெடுத்தது இங்கே பயன் தந்தது.

வலுவுள்ள தீர்மானங்கள்

எல்லாத் தீர்மானங்களும் கருத்தளவில் நிற்பவை அல்ல. சிலவற்றுக்கு அரசியல் சட்டமே வலு அளித்துள்ளது. மாநிலப் பட்டியலிலுள்ள ஒரு பொருள் குறித்து நாடாளுமன்றம் சட்டமியற்ற வேண்டுமென இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்கள் விரும்பினால், அம்மாநிலச் சட்டமன்றங்களின் எல்லா அவைகளும் தீர்மானம் நிறைவேற்ற வேண்டுமென்று 252-ஆவது பிரிவு கூறுகிறது. 1976-ஆம் ஆண்டு நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம் இவ்வழியே பிறந்தது. பம்பாய் போன்ற மாநகரங்களில் காலிமனையின் உச்சவரம்பை அது 500 சதுர மீட்டராக வகுத்தது. நாடாளுமன்றம் 1999-இல் அச்சட்டத்தை நீக்கியபோதும் மகாராஷ்டிரத்தில் அது நீங்கிவிடவில்லை. நீக்கத்தை ஏற்கும் தீர்மானம் மாநிலத்தில் நிறைவேறிய பின்னரே, 2007 நவம்பர் 29 முதல் நீங்கியது. இடநெருக்கடியில் தவிக்கும் ஒரு நகரின் நிலச்சட்டம் எட்டாண்டுக் காலம் ஒரு தீர்மானத்துக்காகக் காத்திருந்தது. இத்தகைய பொருளில் மேலவையின் வாக்கு பேரவையின் வாக்குக்குச் சமமான எடையுள்ளது. சாதாரண மசோதாவைச் சில மாதங்களும் பண மசோதாவைப் பதினான்கு நாட்களும் மட்டுமே தாமதப்படுத்தக்கூடிய மேலவைக்கு இது அரிய அதிகாரம்.

அதே மேலவைக்குத் தன்னை ஒழிக்கும் தீர்மானத்தில் குரலே இல்லை என்பது விந்தை. 169-ஆவது பிரிவின்படி மேலவையை உண்டாக்கவோ ஒழிக்கவோ பேரவை மட்டும் தீர்மானம் நிறைவேற்றினால் போதும். அதற்கு மொத்த உறுப்பினரில் பெரும்பான்மையும், வாக்களித்தோரில் மூன்றில் இரு பங்கும் வேண்டும். அதன்மீது நாடாளுமன்றம் சட்டமியற்றலாம். தமிழ்நாட்டுப் பேரவை 1986 மே மாதம் அவ்வாறு தீர்மானித்தது. நவம்பர் 1 முதல் அங்கே மேலவை இல்லை. பின்னர் 1989, 1996, 2010 ஆகிய ஆண்டுகளில் அதனை மீட்கத் தீர்மானங்கள் வந்தன. ஆட்சி மாறியதும் ஒவ்வொன்றும் வேறொரு தீர்மானத்தால் திரும்பப் பெறப்பட்டது. 2010-இல் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியும் மேலவை அமையவில்லை. ஆந்திரப் பிரதேசப் பேரவையும் 2020 ஜனவரியில் ஒழிக்கத் தீர்மானித்து, 2021 நவம்பரில் அதனைத் திரும்பப் பெற்றது.

ஈரவைகளும் இசைந்த ஒரு தீர்மானம்

ஈரவைகளும் ஒருங்கே தீர்மானித்தால் எதிர்ப்பு அடங்கிவிடும் என்பதற்கும் உறுதியில்லை. 1958-இல் தொடங்கப்பட்ட மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு டாக்டர் அம்பேத்கரின் பெயரைச் சூட்ட வேண்டுமெனத் தலித் அமைப்புகள் நெடுநாள் கோரிவந்தன. 1978 ஜூலை 27 அன்று மகாராஷ்டிரப் பேரவையும் மேலவையும் அதற்கான தீர்மானத்தை நிறைவேற்றின. அப்போது அமைச்சரவை பதவியேற்று இரு வாரங்கூட ஆகியிருக்கவில்லை. தீர்மானச் செய்தி பரவியதும் மராத்வாடாவில் கலவரம் மூண்டது. சிற்றூர்களில் தலித் மக்களின் வீடுகள் எரிக்கப்பட்டன, உயிர்கள் மாய்ந்தன, பல குடும்பங்கள் ஊரைவிட்டு வெளியேறின. மும்பையில் இரு அவைகளில் சில மணி நேரத்தில் முடிந்த வாக்கெடுப்பின் விலையை, அவ்வவைகளில் இடமில்லாதவர்கள் கிராமங்களில் கொடுத்தனர்.

பல்கலைக்கழகத்தின் பெயர் சட்டத்தில் எழுதப்பட்டிருந்தது. அதனை மாற்றச் சட்டத்திருத்தம் வேண்டும், தீர்மானம் மட்டும் போதாது. கலவரத்துக்குப்பின் அத்திருத்தம் நின்றுபோயிற்று. ஊர்வலங்களும் சிறை நிரப்பும் போராட்டங்களும் தொடர்ந்தன. மும்பையிலும் நாகபுரியிலும் தலித் குடியிருப்புகளில் 'நாமாந்தர்', அதாவது பெயர் மாற்றம், என்ற சொல்லே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. பதினைந்தாண்டுகளுக்கும் மேலான பின், 1994 ஜனவரி 14 அன்று, பெயர் மாற்றப்படாமல் விரிவாக்கப்பட்டது: 'மராத்வாடா' என்ற சொல்லை நீக்காமல் அதன்முன் அம்பேத்கரின் பெயர் சேர்க்கப்பட்டது. 1978-இல் முதலமைச்சராக இருந்து தீர்மானத்தைக் கொண்டுவந்த சரத் பவாரே அப்போதும் முதலமைச்சர். அந்நிறுவனம் இன்று டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர் மராத்வாடா பல்கலைக்கழகம் என வழங்குகிறது.